எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கலாம்

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் அதைத் திறக்கவே கூடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத கருத்தாகிவிட்டது. சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், கல்லூரி லேப் உதவியாளர் சொல்கிறார், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரும் அதையே சொல்கிறது. மதர்போர்டில் சால்டரிங் அயர்ன் வைக்கத் தயங்காதவர்கள்கூட எஸ்.எம்.பி.எஸ். என்றதும் கையை எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக இருபது வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து பழுதுபார்த்து வருகிறவன் நான். இந்தக் கருத்து தவறு, தீங்கும் செய்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். பெட்டிக்குள் 230 வோல்ட் நேராக வருகிறது; டிசியாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கெபாசிட்டரில் தேங்கி நிற்கிறது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடுவதில்லை. இது ஒன்று. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குப் புதிது கிடைக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குச் செலவழிப்பது வீண் வேலை. இது இரண்டு. அரைகுறையாகப் பழுதுபார்த்த எஸ்.எம்.பி.எஸ்., பல ஆயிரம் ரூபாய் மதர்போர்டையும் அதைவிட மதிப்புள்ள ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும். இது மூன்று. ஆசிலோஸ்கோப்பும் லோடு டெஸ்டரும் இல்லாமல் வீட்டு மேஜையில் செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இது நான்கு. பழையதை ஈ-வேஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் மறுசுழற்சிக்குப் போய்விடும், அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. இது ஐந்து.

போகிற போக்கில் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல இவை. முதலாவது முழுக்க உண்மை. ஆனால் ஐந்தையும் கூட்டினாலும் "திறக்காதே" என்ற முடிவு அவற்றிலிருந்து வரவில்லை.

1. ஆபத்து இருக்கிறது. அதை அளக்க முடியுமா, முடியாதா?

பயமுறுத்துகிறவர்கள் ஒருபோதும் எண்ணைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். நம் ஊர் பழைய வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 200 வோல்ட் தாங்கும் பெரிய கெபாசிட்டர்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் 470 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொண்டால் சேர்ந்து 235. அதில் 325 வோல்ட் நிற்கும்போது தேங்கியிருக்கும் ஆற்றல் 12 ஜூலுக்குச் சற்று மேல். மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் உள்ள புதிய வகையில் ஒரே பெரிய கெபாசிட்டர். 330 மைக்ரோபாரட், 385 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 24 ஜூல். ஒரு கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து மறு கையில் வெளியேறினால் உயிரை எடுக்க இது போதும். இதில் மழுப்ப எதுவும் இல்லை.

ஆனால் இந்த ஆற்றல் கண்ணுக்குத் தெரியாத பூதம் அல்ல. கெபாசிட்டரின் இரண்டு கால்களில் மல்டிமீட்டரை வைத்தால் எத்தனை வோல்ட் என்று காட்டிவிடும். பெரும்பாலான பெட்டிகளில் அதை வடிப்பதற்கென்றே கெபாசிட்டருக்குக் குறுக்கே ரெசிஸ்டர்கள் உண்டு. பிளக்கை எடுத்துச் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். அந்த ரெசிஸ்டரே அறுந்திருக்கலாம் என்பதால் அதை நம்பக் கூடாது, அளக்க வேண்டும். மிச்சமிருந்தால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேஷன் போட்ட இரண்டு ஒயர்களில் கட்டி, கெபாசிட்டரின் கால்களில் பதினைந்து விநாடி பிடித்தால் முடிந்தது. பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். மீட்டர் பொய் சொல்கிறதா என்ற சந்தேகம் வந்தால் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவது முறையும் அளக்கலாம். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது வேறு ஒழுங்கு. பழைய டிவி மெக்கானிக்குகள் எல்லோரிடமும் ஒரு சீரிஸ் பல்ப் போர்டு இருக்கும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, அதன் வழியாகத்தான் சந்தேகத்துக்குரிய பெட்டிக்கு மின்சாரம் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். வெடிக்க வேண்டிய டிரான்ஸிஸ்டர் வெடிக்காது. ஷார்ட் இல்லையென்றால் பல்ப் ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிடும். ஐம்பது ரூபாய்ச் சாமானில் இவ்வளவு தெளிவான பதில் தரும் கருவி வேறு எதையும் நான் பார்த்ததில்லை. மின்சாரம் ஓடும்போது பெட்டிக்குள் கை போகக் கூடாது, ஹீட்சிங்க்கைத் தொடக் கூடாது (சில வடிவமைப்புகளில் அதிலும் உயர் வோல்ட்டேஜ் இருக்கும்), பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே என்ற தைரியமும் கூடாது. கெபாசிட்டரில் தேங்கியதற்கு ஆர்சிசிபி காவல் இல்லை.

இதே தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்கு முன்பு ஒவ்வொரு சிற்றூரிலும் கலர் டிவியின் பின்மூடியைக் கழற்றிப் பழுதுபார்க்க ஆள் இருந்தார்கள். அந்தப் பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அவர்களில் பலர் பட்டறையில் பையனாகச் சேர்ந்து பார்த்துப் பழகியவர்கள். "ஒரு கையைப் பின்னால் கட்டிக்கோ, ஒரு கையால தொடு" என்பது அங்கே முதல் நாள் பாடம். ஆபத்தைக் காட்டி அவர்களை யாரும் விரட்டவில்லை. ஆபத்தோடு வேலை செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தடை என்ன செய்கிறது என்று பாருங்கள். திறக்கிறவர்கள் தடையை மீறித் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் முறை தெரியாமல் திறக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கெபாசிட்டரை ஷார்ட் செய்து பொறி பறக்க வடிக்கிறார்கள். போன பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறார்கள். இரண்டின் தடயத்தையும் என் கைக்கு வந்த பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்தச் செம்புக் கம்பியைச் சுற்றியவரிடம் யாராவது ஒருவர், பியூஸ் போனால் பிரிட்ஜ் டையோடோ ஸ்விட்ச்சிங் டிரான்ஸிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும், முதலில் அதைப் பார் என்று சொல்லியிருந்தால் ஒரு வீட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைந்திருக்கும். "தொடாதே" என்று மட்டும் சொன்னவர்கள் அதைச் சொல்லவில்லை.

2. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று கண்டுபிடித்தது யார்?

தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறார்கள்: பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் என்பது உறுதியாகிவிட்டது. பெரும்பாலும் அது உறுதியாவதே இல்லை. கடையில் நடக்கும் சோதனை இவ்வளவுதான்: 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்ப்பார்கள். மின்விசிறி சுற்றினால் நல்லது, சுற்றாவிட்டால் போச்சு. 9 வோல்ட் வந்தாலும் அந்த மின்விசிறி சுற்றும். லோடு எதுவுமில்லாமல் 12 வோல்ட் சரியாகக் காட்டிவிட்டு, ஹார்டு டிஸ்க்கை மாட்டியதும் 10-க்கு இறங்கும் பெட்டிகள் எத்தனையோ. இந்தச் சோதனையால் நல்ல பெட்டி குப்பைக்கும் கெட்ட பெட்டி கம்ப்யூட்டருக்கும் போகிறது.

பெட்டியைத் திறக்காமலே, ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் மட்டும் இருக்கும் ஒயர்களில், ஒரு குழந்தைக்குக்கூட ஆபத்தில்லாத இடத்தில் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்! ஊதா ஒயர் ஸ்டாண்ட்பை. பிளக் சுவிட்சைப் போட்டாலே அதில் 5 வோல்ட் வந்துவிட வேண்டும், 4.75-க்குக் கீழும் 5.25-க்கு மேலும் போகக் கூடாது. ஊதாவில் எதுவுமே இல்லையென்றால் பியூஸிலோ ஸ்டாண்ட்பை சர்க்யூட்டிலோ பழுது. ஊதா சரியாக இருந்து, பச்சையைக் கறுப்போடு சேர்த்ததும் மின்விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றால், பெரும்பாலும் வெளிப்பக்கம் ஒரு டையோடு ஷார்ட், அல்லது பாதுகாப்பு ஐசி எதையோ கண்டு நிறுத்துகிறது. எல்லா வோல்ட்டேஜும் சரி, சாம்பல் ஒயரில் மட்டும் 5 வோல்ட் வரவில்லை என்றால், "மின்சாரம் நிலைப்பட்டுவிட்டது, இனி தொடங்கலாம்" என்ற செய்தி மதர்போர்டுக்குப் போகவில்லை. மின்விசிறி என்னதான் சுற்றினாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47. இந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்தால் பாதி நோயறிதல் முடிந்தது. கையில் மீட்டர் வைத்திருந்தும் கடைக்காரர் இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், "எப்படியும் மாற்றத்தானே போகிறோம்" என்ற அந்தப் பொதுக்கருத்துதான்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்ற புகாரைக் கேட்காத வீடு இல்லை. "எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகுது, மாத்திடுங்க" என்பது நிலையான தீர்ப்பு. உண்மையில் நடப்பது வேறு. மின்சாரத்தில் வரும் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப, லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்று என்று சிறிய ஒய் கெபாசிட்டர்கள் உள்ளே இருக்கும். வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அந்த மிகச் சிறிய கரண்ட் அமைதியாக மண்ணுக்குப் போய்விடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஒயர் இல்லை, அல்லது கோடை முழுக்க எர்த் குழிக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் கேபினட் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். 4.7 நானோபாரட் கெபாசிட்டர் வழியாக வரக்கூடியது அரை மில்லிஆம்பியருக்கும் குறைவு; கடிக்கும், கொல்லாது. எஸ்.எம்.பி.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வீட்டு எர்த்தின் குறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இதற்கு மாற்றாக மலிவுப் பெட்டி ஒன்றைப் போட்டதும் கடிப்பது நின்றுவிடும். அதில் பல சமயம் அந்தக் கெபாசிட்டர்களே இருக்காது. வீட்டுக்காரருக்கு நிம்மதி. எர்த் இல்லாத வீடு எர்த் இல்லாமலே இருக்கிறது, அதே பாக்ஸில் நாளைக்கு அயர்ன் பாக்ஸோ மிக்ஸியோ மாட்டப்போகிறார்கள்.

3. அறுநூறு ரூபாய்க்கு எதை வாங்குகிறீர்கள்?

விலை ஒப்பீடு என்றால் சமமான இரண்டு பொருளை ஒப்பிட வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், அதற்கு மாற்றாக சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மலிவுப் பெட்டியையும் என் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழையது ஒரு கிலோ ஐந்நூற்று நாற்பது கிராம். புதியது எழுநூற்றுப் பத்து. எடை மட்டுமே சான்றாகாது. ஆனால் டிரான்ஸ்பார்மரில் செம்பும் ஹீட்சிங்க்கில் அலுமினியமும் குறைந்தால்தான் எடை இப்படிக் குறையும். புதியதைத் திறந்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் பில்டர் காயிலுக்கு என்று போர்டில் அச்சிட்ட இடம் இருந்தது. அந்த இடத்தில் இரண்டு துண்டுக் கம்பிகளைக் குறுக்கே வைத்து சால்டர் செய்திருந்தார்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வர வேண்டிய எக்ஸ் கெபாசிட்டர் இடம் காலி. பெரிய கெபாசிட்டர் இரண்டும் 220 மைக்ரோபாரட். ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். இன்றைய கம்ப்யூட்டர் ஏறக்குறைய எல்லா வேலையையும் 12 வோல்ட்டில்தான் செய்கிறது.

ஆக, பழையதைப் பழுதுபார்ப்பதை அறுநூறு ரூபாயோடு ஒப்பிடக் கூடாது. அதற்கு நிகரான தரத்தில் புதிது வாங்கினால் ஆகும் சில ஆயிரங்களோடு ஒப்பிட வேண்டும். பழுது நீக்கப் பெரும்பாலும் தேவைப்படுவது ஐந்து ரூபாய் முதல் முப்பது ரூபாய் வரையிலான கெபாசிட்டர்களும், ஐம்பது, எழுபது ரூபாய்க்குள் ஒரு ஜோடி டிரான்ஸிஸ்டரும்தான். நேரத்துக்கு விலை போடச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: விருப்பத்துக்காகச் செய்கிறவன் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கவில்லை, அதற்காகத்தான் காத்திருந்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிப்பிட்ட கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லோரும் பயன்படுத்தும் விதி. 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். தினமும் பத்து மணி நேரம் ஓடினால் எட்டு, ஒன்பது வருடம். மின்விசிறியில் தூசி அடைத்து எண்ணெய் வற்றி உள்ளே 85 டிகிரி ஆனால் 8,000 மணி நேரம். இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். பெட்டியைத் திறக்கவே கூடாது என்றால் தூசியை எடுப்பது யார், மின்விசிறிக்குச் சொட்டு எண்ணெய் விடுவது யார்? அதே அறையில், அதே தூசியில், புதிய பெட்டியும் அதே வேகத்தில் சாகும்.

4. மதர்போர்டை எது கொல்கிறது?

பழுதுபார்த்த பெட்டி மதர்போர்டைக் காவு வாங்கும் என்ற மூன்றாவது வாதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மதர்போர்டு போவதை நேரில் பார்த்தவர்கள் சொல்லும் வாதம் இது. ஆனால் அது எப்படிப் போகிறது என்று பார்த்தால் வாதம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது.

பக்கத்துத் தெருவில் டிடிபி வேலை செய்யும் ஒரு தங்கை நான்கு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம் ஒன்றில் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். "காலையில சுவிட்ச் போட்டா வரவே வராதுண்ணா. ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டா வந்துடும். ராத்திரி பிளக்கை ஆஃப் பண்ணாம வச்சுட்டா மறுநாள் பிரச்சனையே இல்லை." கடையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியத்திலேயே பழுதின் பெயர் இருந்தது. குளிர்ந்தால் வராது, சூடேறினால் வரும் என்றால் காய்ந்துபோன கெபாசிட்டர். உள்ளிருக்கும் திரவம் வற்றும்போது அதன் உள் எதிர்ப்பு, ஈஎஸ்ஆர் என்பார்கள், ஏறிவிடும். வெப்பம் பட்டால் கொஞ்சம் இறங்கும்.

மறுநாள் காலை பெட்டி குளிர்ந்திருந்தபோது ஊதா ஒயரை அளந்தேன். 4.1 வோல்ட். பெட்டியைத் திறக்காமலே காற்றுத்துளை வழியாக ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடு காட்டினேன். மீட்டரில் எண் மெல்ல ஏறி 4.9-ல் நின்றது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, திறந்து, அளந்து, வடித்து, மறுபடியும் அளந்தேன். ஸ்டாண்ட்பையின் வெளிப்பக்கம் 1,000 மைக்ரோபாரட், 10 வோல்ட் கெபாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. அது எல்லோர் கண்ணிலும் படும். ஹீட்சிங்க்கை ஒட்டினாற்போல் சுண்டுவிரல் நகமளவு 22 மைக்ரோபாரட், 50 வோல்ட் ஒன்று, பார்வைக்குப் புதிதுபோல நின்றது. கழற்றி டெஸ்டரில் வைத்தேன்: 6 மைக்ரோபாரட், ஈஎஸ்ஆர் இருபது ஓமுக்கு மேல். நல்லதில் அது ஒன்றிரண்டு ஓம்தான் இருக்கும். உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு மூடியிருந்தால் மூன்று மாதத்தில் திரும்ப வந்திருக்கும். இரண்டையும் மாற்றினேன். ஊதா ஒயரில் 5.04. நான்கு வருடமாக அந்தப் பெட்டி ஓடுகிறது.

அவருடைய பெட்டியில் ஸ்டாண்ட்பையைக் கட்டுப்படுத்த ஒரு ஐசி இருந்தது. அதனால் கெபாசிட்டர் காய்ந்தபோது வோல்ட்டேஜ் இறங்கியது. பழைய மலிவுப் பெட்டிகளில் இரண்டு டிரான்ஸிஸ்டரை வைத்துத் தானே துடிக்கும் சர்க்யூட் இருக்கும். அதில் இதே சிறிய கெபாசிட்டர் காய்ந்தால் கட்டுப்பாடு தவறி, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வோல்ட்டேஜ் ஏறத் தொடங்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருப்பதால், எல்லோரும் தூங்கும்போது மதர்போர்டு சாகும். காலையில் எழுந்து, "நேத்து நல்லாத்தானே இருந்தது" என்பார்கள். அதைக் கொன்றது பழுதுபார்த்த கை அல்ல. யாரும் திறந்து பார்க்காத, ஐந்து ரூபாய்க் கெபாசிட்டர் காய்ந்துகொண்டிருந்ததை யாரும் அளக்காத எஸ்.எம்.பி.எஸ். கொன்றது. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஊதா ஒயரை அளந்து, அந்த ஒரு கெபாசிட்டரை மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும்.

மோசமான பழுதுபார்ப்பும் மதர்போர்டைக் கொல்லும், மனிதனையும் கொல்லும். அது எங்கே நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஒய் கெபாசிட்டருக்குப் பதில் கையில் கிடைத்த சாதாரண செராமிக் கெபாசிட்டரைப் போட்டால், அது ஷார்ட் ஆகும் நாளில் கேபினட்டுக்கு 230 வோல்ட் வரும். போர்டில் உயர் வோல்ட்டேஜ் பக்கத்தையும் தாழ் வோல்ட்டேஜ் பக்கத்தையும் பிரித்து விட்டிருக்கும் இடைவெளியின் மேல் ஒயரை ஓட்டினால், அல்லது சால்டர் சிந்தினால், அந்தப் பிரிவே போயிற்று. பியூஸின் அளவைக் கூட்டினால் பாதுகாப்பு போயிற்று. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்தால் வெடிக்கும். எந்த இடத்தில் எதைப் போடக் கூடாது என்பது ஒரு பக்கத்துக்குள் எழுதி முடிக்கக்கூடிய பாடம். அதைக் கற்பிக்கலாம். கற்றவர் கையில் பெட்டியைக் கொடுக்கலாம்.

5. ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால் உறுதி சொல்ல முடியாதா?

சொல்ல வேண்டிய அளவுக்குச் சொல்ல முடியும். காரின் ஹெட்லைட் பல்ப், 12 வோல்ட், 55 வாட். ஒன்று நாலரை ஆம்பியர் இழுக்கும். இரண்டை மஞ்சள் ஒயரில் மாட்டினால் ஒன்பது ஆம்பியருக்கு மேல், அறையே வெளிச்சமாகிவிடும். குளிர்ந்த இழை தொடக்கத்தில் பல மடங்கு கரண்ட் இழுத்துப் பாதுகாப்பைத் தூண்டிவிடும், ஆகவே ஒவ்வொன்றாக எரிய விட வேண்டும். அரை மணி நேரம் எரியவிட்டு எல்லா ஒயரிலும் வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிசியில் கலந்து வரும் ஏற்ற இறக்கமான ரிப்பிளுக்கு 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட் என்பது வரம்பு. மல்டிமீட்டரின் ஏசி வரம்பில் அது துல்லியமாகத் தெரியாது. கெபாசிட்டர் கெட்டிருந்தால் எகிறும் எண்ணாவது தெரியும். மலிவான கையடக்க ஸ்கோப் இப்போது விருப்பக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் இருக்கிறது. வாங்கினால் அதை வெளிப்பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும், உயர் வோல்ட்டேஜ் பக்கத்தில் அதன் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் ஆபத்து. கடைசியாக எர்த் பின்னுக்கும் பெட்டியின் தகரத்துக்கும் இடையே ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பழைய மதர்போர்டு ஒன்றில் ஒரு வாரம் ஓட்டிவிட்டுத்தான் உரியவரிடம் கொடுக்க வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன். கடையில் வாங்கிய அந்த எழுநூற்றுப் பத்து கிராம் பெட்டிக்கு இதில் ஒரு சோதனையாவது யார் செய்தார்கள்? என் மேஜையிலிருந்து போகும் பெட்டிக்கு ஆசிலோஸ்கோப் கேட்கிறவர்கள், அட்டைப்பெட்டியிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும் பெட்டிக்கு ஒரு மீட்டரைக்கூடக் கேட்பதில்லை.

6. மறுசுழற்சி என்று சொல்லி மனசாட்சியைத் தூங்கவைக்க முடியாது

2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் உலக ஈ-வேஸ்ட் கண்காணிப்பு அறிக்கை 2024-ல் சொன்னது. மிச்சம் எங்கே போகிறது என்பது ஊர்ப்புறக் குப்பைமேட்டில் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையைப் பார்த்த யாருக்கும் தெரியும். முறையான ஆலைக்கே போனாலும் செம்பும் அலுமினியமும் திரும்பி வரும். ஒன்றரைக் கிலோ நல்ல எஸ்.எம்.பி.எஸ். திரும்பி வராது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2022-ல் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு தளத்தையும் தொடங்கியது. உரிமை கேட்பது சரிதான். பழுதுபார்க்கத் தெரிந்த கை இருந்தால்தான் அந்த உரிமையை யாராவது பயன்படுத்த முடியும்.

நானும் தூக்கிப் போடும் பெட்டிகள் உண்டு. டிரான்ஸ்பார்மர் கருகியது, போர்டு கரியாகி மின்சாரம் கடத்தத் தொடங்கியது, மழைவெள்ளத்தில் மூழ்கிச் சேறு படிந்தது, பில்டர் இல்லாமலே பிறந்த மலிவுப் பெட்டி. இவற்றிலிருந்து மின்விசிறியையும் ஒயர்களையும் ஹீட்சிங்க்கையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவேன். மருத்துவக் கருவியில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொட மாட்டேன். மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டையும் டிசி வோல்ட்டையும் பிரித்து வைக்கத் தெரியாதவர் இந்தப் பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. ரேடியோ, டார்ச், 12 வோல்ட் அடாப்டர் என்று ஒரு வருடமாவது பழகிவிட்டு வரட்டும். இந்த எல்லைகளைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் எல்லை தெரிந்தவன்தான் உள்ளே போக முடியும்.

அடுத்த முறை கடைக்காரர் "எஸ்.எம்.பி.எஸ். போச்சு, புதுசு போட்டுடலாம்" என்று சொல்லும்போது, ஊதா ஒயரில் மீட்டர் எத்தனை காட்டியது என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேசலாம். சொல்லாவிட்டால் பழைய பெட்டியை அங்கே விட்டுவிடாமல் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.